மகள் மைதானத்துக்குப் போக மறுக்கிறாள்

கேள்வி: டாக்டர் அம்மா, எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. போன வருடத்திலிருந்து பள்ளி டீமில் ஹாக்கி ஆடுகிறாள். மூன்று மாதமாக மைதானத்துக்குப் போக மாட்டேன் என்கிறாள். “வெயிலில் கறுத்துப் போகிறேன், டீமிலேயே நான்தான் ரொம்பக் கறுப்பு” என்று அழுகிறாள். எந்நேரமும் ரீல்ஸ். கொரியாப் பெண்கள் மாதிரி முகம் கண்ணாடியாகப் பளபளக்க வேண்டுமாம். தோழியின் அக்கா கொடுத்த ஒரு கிரீமை எனக்குத் தெரியாமல் இரண்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. நானே “முகம் தெளிஞ்சிருக்கே” என்று சொன்னேன். இப்போது கன்னம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பரு, மேலுதட்டில் பூனைமுடி. கிரீமைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நாலே நாளில் முகம் இன்னும் மோசமாகிவிட்டது. போனையும் பிடுங்கி வைத்துவிட்டேன். ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை. மாமியார், குங்குமப்பூ வாங்கிக் கொடு, கடலைமாவு பூசு என்கிறார். முகம் பழையபடி ஆகுமா? போனைத் திருப்பிக் கொடுக்கலாமா? மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் பத்தாம் வகுப்பிலிருந்து சிவப்பழகு கிரீம் போடுகிறவள்தான்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முகம் சரியாகும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எதுவும் உங்கள் காதில் ஏறாது. ஆனால் ஒரு வாரத்தில் ஆகாது. சில வாரங்கள், சில பிள்ளைகளுக்குச் சில மாதங்கள்கூடப் பிடிக்கும்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் தெளிவு, அப்புறம் சிவப்பு, எரிச்சல், பரு, முடி. நிறுத்தியதும் இன்னும் மோசம். தோல் மருத்துவர் யாரிடம் இதைச் சொன்னாலும் அவருக்கு உடனே ஸ்டீராய்டு கிரீம் மீதுதான் சந்தேகம் வரும். எனக்கும் அதேதான். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் மாதத்துக்கு நாலைந்து பேராவது இதே கதையோடு என் அறைக்கு வருகிறார்கள். அதில் பாதிப் பேர் பள்ளிச் சீருடையில் வருகிறார்கள்.

அந்த ஆரம்பத் தெளிவு எப்படி வருகிறது தெரியுமா? ஸ்டீராய்டு தோலின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, நிறமி உண்டாவதையும் கொஞ்சம் தடுக்கிறது. அதனால் முகம் வெளுத்துத் தெரியும். நாளாக நாளாகத் தோல் மெலிந்துவிடும். சுருங்கிய குழாய்கள் விரிந்துகொள்ளும். சட்டென்று நிறுத்தினால், அடக்கி வைத்த சிவப்பும் வீக்கமும் மொத்தமாகக் கிளம்பும். நீங்கள் பிடுங்கி எறிந்த நாலாம் நாள் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் “கிரீமை நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சு” என்று நினைத்துப் பிள்ளை மறுபடி அதையே தேடிப் போகும். பெரியவர்களே வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

அதனால் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது அந்த ட்யூப் கையில் இருக்க வேண்டும். குப்பையில் போட்டுவிட்டீர்கள், சரி, தோழி வீட்டில் இன்னொன்று இருக்கும். சண்டை போடப் போகாமல், ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பின்பக்கப் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று இரண்டு பெயர் சேர்ந்திருந்தால், அது மங்கு போன்ற கரும்படலத்துக்குப் பெரியவர்களுக்கு, அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டும், மருத்துவர் எழுதித் தரும் மருந்து. பன்னிரண்டு வயது முகத்தில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. இருந்தும் கடையில் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனையோ மருந்துக்கடைக்காரர்களிடம் இதற்காகச் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன்.

லேபிளே இல்லாத டப்பாவாகவோ, வெளிநாட்டு எழுத்து மட்டும் இருக்கும் டப்பாவாகவோ இருந்தால் கவலை வேறு. அப்படிப்பட்ட சில வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சில வருடங்களுக்கு முன் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயோடு பலர் அடுத்தடுத்து வந்தபோது, விசாரித்துப் பார்த்த மருத்துவர்கள் கடைசியில் போய் நின்றது இந்த கிரீம்களில்தான். அதனால் கால் வீக்கம், சிறுநீரில் நுரை ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள், செலவு குறைவு.

மருத்துவரைப் பார்க்கும்வரை மென்மையான சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். எலுமிச்சை, டூத்பேஸ்ட், கடலைமாவு, மஞ்சள் எதுவும் இப்போது வேண்டாம். புண்ணான தோலில் கடலைமாவைத் தேய்ப்பது, சிராய்ப்பில் மணல் தேய்ப்பது மாதிரி. குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் குடித்தால் பால் மணக்கும். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பழி என்னோடு போகட்டும்.

இனி நிறத்துக்கு வருவோம். உங்கள் மகளிடம் நீங்கள் செய்து காட்டக்கூடிய ஒன்று இருக்கிறது. மேல்கையின் உட்புறம், அக்குளுக்குக் கீழே வெயில் படாத இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் பிறந்த நிறம் அதுதான். வெயிலில் ஆடினால் முகமும் முன்கையும் அதைவிட ஒரு பிடி கறுக்கும், ஆட்டம் நின்றால் மெல்லத் திரும்பி வரும். எந்தக் கடை கிரீமும் அந்த உட்புற நிறத்தைத் தாண்டி நிரந்தரமாக வெளுப்பாக்க முடியாது. கறுத்தவர்களுக்கும் வெளுத்தவர்களுக்கும் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்து அனுப்பும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறுபடுகிறது. அந்த நிறமி வெயிலுக்குப் பிடிக்கும் குடை. கோவில்பட்டி வெயிலில் ஹாக்கி ஆடும் பெண்ணுக்கு அது கொஞ்சம் அதிகமாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி!

இதையெல்லாம் சொன்னால் கேட்டுக்கொள்வாளா? மாட்டாள். அறிவியல் சொல்லிப் பன்னிரண்டு வயதின் அழுகையை நிறுத்தியவர் யாரும் இல்லை. அவளுக்கு நிறமியைப் பற்றித் தெரிய வேண்டியதே இல்லை. தான் பார்க்கத் தகுந்தவளா என்பதுதான் அவள் கேள்வி.

அந்தக் கேள்வியை ரீல்ஸ் கிளப்பிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஓரளவு உண்மைதான். பிஜி தீவில் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் டிவி வந்த கையோடு பதின்வயதுப் பெண்களிடம் அவர்களுடைய சாப்பாட்டுப் பழக்கத்தையும் உடலைப் பற்றிய எண்ணத்தையும் கேட்டுப் பதிவு செய்தார். மூன்று வருடம் கழித்து 1998-இல் அதே வயதுப் பெண்களிடம் மறுபடி கேட்டார். உணவுக் கோளாறுக்கான அறிகுறி உள்ளவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டுமென்று சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர் முன்பு ஒருவர்கூட இல்லை, இப்போது நூற்றுக்குப் பதினொரு பேர். கொழுகொழுவென்று இருப்பதுதான் அழகு, அதுதான் வீட்டுக்குப் பெருமை என்று நினைத்த ஊர் அது. அங்கே டிவி சீரியலுக்கு மூன்று வருடம் போதுமானதாக இருந்தது.

டிவியாவது எல்லாருக்கும் ஒரே படத்தைக் காட்டியது. போன் அப்படியில்லை. உங்கள் மகள் ஒரு வெளுத்த முகத்தில் மூன்று விநாடி கூடுதலாக நின்றால், அடுத்து அதே மாதிரி பத்து முகத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. 2021-இல் ஃபிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக் உள்காகிதங்களில் ஒரு கணக்கு இருந்தது. இன்ஸ்டாகிராமும் அந்தக் கம்பெனியுடையதுதான். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் “ஏற்கெனவே மனம் நொந்திருந்த” என்ற சொற்களைக் கவனியுங்கள். அந்த நோவு உங்கள் மகளுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. “முகம் தெளிஞ்சிருக்கே” என்று சொன்னது நீங்கள். மாமியார் குங்குமப்பூ என்றதும் இப்போது முதல் தடவையாக இருக்காது. வீட்டில் கறுப்பாகப் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று சொல்லியிருப்பார்கள். அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே, பன்னிரண்டு வருடமாக அது அவள் காதில் உட்கார்ந்திருக்கிறது. போன் வந்து அதற்குப் படம் போட்டுக் காட்டியது, அவ்வளவுதான்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நானும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். என் சடங்குக்கு எடுத்த போட்டோ இன்னும் அம்மா வீட்டில் மாட்டியிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் டச்சிங் செய்து முகத்தை ரோஸ் நிறமாக்கிவிட்டார். கையை மறந்துவிட்டார். ரோஸ் முகமும் கறுத்த கையுமாகப் பட்டுப்பாவாடையில் நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் “போட்டோல என்ன அழகு” என்பார்கள். ஃபில்டர் இன்ஸ்டாகிராமோடு வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் போட்டோவைக் காட்ட வேண்டும்.

ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு கிரீம் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது 1975-இல். நீங்கள் பத்தாம் வகுப்பில் பூச ஆரம்பித்தபோது, கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது, கிரீம் போட்டதும் எல்லாம் நடந்துவிடும் என்றுதான் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. 2014-இல்தான் விளம்பரத் தரக் கவுன்சில், கறுத்த நிறத்தவர்களை வருத்தமாக, தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று வைத்துக்கொண்டது. அதே வருடம் ஒரு பெரிய வரன் பார்க்கும் இணையதளம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. இப்போது யாரும் ‘சிவப்பு’ என்று சொல்வதில்லை. பளபளப்பு, பொலிவு, கண்ணாடித் தோல் என்கிறார்கள். கொரியத் தோல் பராமரிப்பில் நல்ல பழக்கங்களும் உண்டு, முக்கியமாக சன்ஸ்கிரீன் போடுவது. ஆனால் நம் பிள்ளைகள் அதிலிருந்து பளபளப்பை எடுத்துக்கொள்வதில்லை, வெளுப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய ஆசைதான், டப்பா மட்டும் புதிது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? சங்கப் பாட்டுகளில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிர் நிறம். காதலன் பிரிந்து போனால் அந்த நிறம் போய் உடம்பு வெளிறும், அதற்குப் பெயர் பசலை. வெளிறிப் போவதை நோய் என்று புலம்பிய பெண்களின் பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெளிறுவதற்குக் கிரீம் பூசுகிறோம்.

சரி, போன். இப்போதைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அப்படியே அல்ல. கிரீம் விஷயத்தை அவள் உங்களிடம் மறைத்தாள். போனையும் பிடுங்கினால் தோழி போனில் பார்ப்பாள், இன்னும் நன்றாக மறைப்பாள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும் என்பது அவர்களுடைய சொந்த விதி. 12 வயதுப் பிள்ளை பொய்யான பிறந்த தேதி கொடுத்துத்தான் உள்ளே போயிருக்கும். பெரியவள் என்று நினைத்துக்கொண்டு அது அவளுக்கு எல்லாவற்றையும் காட்டும். அந்தக் கணக்கை மூடச் சொல்வதில் நான் கறாராக இருப்பேன். பாட்டு, ஹாக்கி, சமையல் என்று பார்க்க வேண்டியதை உங்கள் போனில், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரவு போன் அவள் படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் போனும்தான்.

பக்கத்தில் உட்காரும்போது உபதேசம் பண்ணாதீர்கள். “இது ஃபில்டர், இதெல்லாம் பொய்” என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் சொன்னால் எழுந்து போய்விடுவாள். “இந்த வெளிச்சம் எங்கிருந்து வருது?”, “இந்த அக்கா இதச் சொல்றதுக்கு யார் காசு குடுத்திருப்பாங்க?” என்று சும்மா கேட்டு வையுங்கள். வெளுக்கும் கிரீம் வீடியோ வந்தால் மூன்று புள்ளியை அழுத்தி ‘ஆர்வமில்லை’ என்று அவளையே போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் வருவது மாற ஆரம்பிக்கும். மகளிர் ஹாக்கி வீடியோக்களை நாலு தேடிப் பாருங்கள், அதையும் அது பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு விளையாட்டு. போன் கேமராவில் பியூட்டி மோடு இருக்கிறதா என்று பாருங்கள், பல போன்களில் கடையில் வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு அவள் கையை நீட்டி ஒரு செல்ஃபி எடுக்கட்டும், அப்புறம் நீங்கள் ஐந்தடி தள்ளி நின்று ஒன்று எடுங்கள். ஓரடி தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் தெரிவதைவிட மூக்கு 30 சதவீதம் வரை அகலமாகத் தெரியும் என்று 2018-இல் ஒரு கணக்கு வெளியானது. என் மருத்துவமனையில் “மூக்கு பெரிசா இருக்கு டாக்டர்” என்று வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இப்படி இரண்டு படம் எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனாள். எல்லாரும் சிரிக்க மாட்டார்கள், ஆனாலும் செய்து பார்க்கலாம்.

சாய் பல்லவியை உதாரணம் காட்டலாமா என்று பல அம்மாக்கள் கேட்கிறார்கள். 2015-இல் முகப்பருவோடு, மேக்கப் இல்லாமல் திரைக்கு வந்தார், 2019-இல் சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்ததாக அவரே சொன்னார். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நடிகையை வைத்து இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவரும் திரையில் அழகாக இருக்கிறார் என்பதால்தானே நமக்கு உதாரணம்! உங்கள் தெருவில் கறுப்பாக, கம்பீரமாக, தன் வேலையில் கெட்டியாக இருக்கும் ஒரு பெண்ணை அவள் அடிக்கடி பார்க்கும்படி செய்தால் அது நூறு வீடியோவுக்குச் சமம். அவளுடைய ஹாக்கி கோச் யார்? கோவில்பட்டியில் ஹாக்கி ஆடிய அக்காக்களுக்கா பஞ்சம்?

மைதானம்தான் இந்த எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்ணாடியிலும் ரீல்ஸிலும் அவள் உடம்பு பார்க்கப்படும் பொருள். மட்டையைப் பிடித்து ஓடும்போது அதே உடம்பு ஒரு வேலையைச் செய்கிறது. அந்தப் பழக்கம் இந்த வயதில் விட்டுப்போனால் மறுபடி பிடிப்பது கஷ்டம். எரிச்சல் தணியும்வரை இரண்டு மூன்று வாரம் காலை ஏழரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் மட்டும் ஆடட்டும், இப்போது அந்தத் தோல் வெயிலைத் தாங்காது. தொப்பி வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்த, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போட வேண்டும். கறுக்காமல் இருக்க என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், எரியாமல் இருக்க என்று சொல்லுங்கள். கோச்சிடம் தனியாக ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்: டீமில் யாராவது ‘கறுப்பி’ என்று கூப்பிடுகிறார்களா என்று அவர் கவனிக்கட்டும். “நான்தான் ரொம்பக் கறுப்பு” என்பது போனில் கிடைக்கும் வாக்கியமாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாட்டைக் குறைக்கிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்கிறாள், செத்துப் போகலாம் என்ற மாதிரி ஏதாவது சொல்கிறாள் என்றால், தோல் மருத்துவர் போதாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக உங்கள் கிரீம். அதில் ஸ்டீராய்டு இல்லை என்று உறுதியானால் பூசுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் பேச்சே இல்லாத இந்த வாரத்தை உடைக்க உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல வழி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றிரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்பில் நீங்கள் ஏன் அதைப் பூச ஆரம்பித்தீர்கள், அப்போது யார் உங்களை என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லுங்கள். அறிவுரை சேர்க்காமல் கதையை மட்டும் சொல்லுங்கள். அவள் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை. மருத்துவரிடம் போகும் நாளில் உங்கள் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒன்றாகவே காட்டிவிடலாம்.